எடைக்குத் தக்க மருந்து

என் மனைவி இந்துஜா வீட்டறையில் தீப்பெட்டிக்குக் குச்சி அடைக்கும்போது, ஆடு நுழையாதிருக்க நான் கதவுக்கு வெளியே கொண்டி போடுவது வழக்கம். அந்த அறையில்தான் எரிந்துபோனாள். அதன்பின் உறக்கத்தில் எழுந்து அந்தக் கொண்டியைத் தேடி ஓடுகிறேன். மயக்க மருந்து டாக்டரிடம் இதைச் சொல்லியிருந்தேன்.

காலில் ஆபரேஷன் முடிந்து விழித்தபோது, இரு கைகளும் கட்டிலோடு கட்டப்பட்டிருந்தன.

"மயக்க மருந்து ஏத்தும்போது கொண்டியை எடுங்கன்னு கத்தி எங்களை அடிச்சுத் தள்ளிட்டீங்க அண்ணாச்சி," என்றார் நர்ஸ் முத்துசெல்வி. "நீங்க அறுபது கிலோதான? நூத்திநாலு கிலோ ஆளுக்குக் குடுக்குற மருந்து போனபெறவுதான் கண்ணசந்தீங்க. டாக்டரே முழிக்காரு."

இந்துஜா நாற்பத்துநான்கு கிலோ இருந்தாள்.

"கட்டை அவுத்துவிடுங்க சிஸ்டர். மூச்சு முட்டுது."

"இனி அடிக்க மாட்டீங்கள்லா?"

சிரித்துக்கொண்டே இரண்டு கட்டுகளையும் அவிழ்த்துவிட்டுப் போனார். வலது கையைத் தூக்கினேன். இடது மணிக்கட்டில் மட்டும் பிடி தளரவில்லை.