திருப்பூருக்குப் புள்ளி இல்லை

பக்கத்து வீட்டு மெஹ்ஜபின் கூண்டுப் புலியாட்டம் உலாத்திக்கொண்டிருந்தாள். சமூகப் புத்தாக்கம் பற்றி உலகில் வந்த கோடானுகோடி ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் வகை பிரித்து, வரைபடத்தில் புள்ளி வைத்து, நாளை பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்தாக வேண்டும்.

"அக்கம்பக்கம் சேர்ந்து குழந்தை வளர்க்கிற வகையில திருப்பூருக்கு ஒரு புள்ளிகூட இல்லீங்க மாமா!"

"கட்டுரை இல்லையா, வழக்கமே இல்லையா கண்ணு?"

"இங்க அப்படியெல்லாம் நடக்கறதில்லீங்க. நடந்தா யாராச்சும் எழுதியிருப்பாங்கல்ல?"

நான் வாய்விட்டுச் சிரித்தால் திருப்பூரில் எங்கள் ராயபுரமே அதிரும். ஆனால் அப்போது சிரிக்க முடியாத நிலைமை.

டே ஷிப்ட் முடித்த எதிர்வீட்டு ராக்கம்மாள் உள்ளே வந்தாள். "இனி என் முறை. குடுங்க மாமா, நான் பாத்துக்கிடுதேன்."

என் தோளில் தூங்கிக்கொண்டிருந்த மெஹ்ஜபினின் மகனைக் கைமாற்றினேன்.

வரைபடத்திலிருந்து கண்ணெடுக்காமல் மெஹ்ஜபின் கேட்டாள்: "நாளைக்குக் காலையில யார் முறைங்க அக்கா?"