காத்து விஷயம்

இந்த வாரத்தில் மூன்றாவது தடவையாக அரசுவின் பிக்கப் வண்டியில் பின் டயர் இரண்டிலும் காற்று இறங்கியிருந்தது.

பஞ்சர் கடை கோவிந்தசாமி டயரைக் கழற்றித் தண்ணீரில் முக்கிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை.

"பஞ்சரும் இல்ல, லீக்கும் இல்ல மச்சான். லீக்குன்னா ஒண்ணு முப்பதுல நிக்கும், ஒண்ணு நாப்பதுல நிக்கும். இது மூணு நாளா ரெண்டும் டாண்ணு அம்பதுல நிக்குது. வால்வு மூடியும் திருகி இறுக்கியிருக்கு. யாரோ பாத்துப் பாத்துச் செய்யிற மாதிரி இருக்கு."

டயரில் எழுபது பவுண்டு காற்று வைத்தால்தான் அரசுவுக்குத் திருப்தி. லோடு ஏற்றுகிற வண்டிக்கு டயர் கல்லு மாதிரி இருக்க வேண்டும் என்பது அவன் கட்சி. விடியற்காலையில் கிள்ளையிலிருந்து கடலூருக்கு மீன் ஏற்றிப் போவான். பத்து மணிக்குத் திரும்பி, காற்று அடித்து, தெருக்கோடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, சாப்பிட்டுப் படுப்பான். சாயங்காலம் நாலு மணிக்கு எழுந்து பார்த்தால் ஐம்பது.

அதாவது, நடப்பது உச்சி வேளையில்.

அந்த வண்டியின் கதை ஊருக்கே தெரியும். ஜெயப்பிரகாஷ் ஓட்டிய வண்டி. போன வருஷம் சித்திரை வெயிலில், புதுச்சத்திரம் தாண்டிப் பின் டயர் வெடித்து, வண்டி வயலில் இறங்கி, அவன் அங்கேயே போய்விட்டான். யாரும் தொடப் பயந்த வண்டியை அவன் மனைவி சத்யப்பிரியாவிடமிருந்து அரசு சல்லிசாக வாங்கினான். விலை குறைந்தால் பேய் பயமும் குறைந்துவிடும் போலிருக்கிறது.

சாவியைக் கொடுக்கும்போது, "அந்தக் காத்து விஷயத்துல மட்டும் ஜாக்கிரதையா இருங்கண்ணே," என்றாள் சத்யப்பிரியா. இருபது வருஷமாக ஸ்டியரிங் பிடிக்கிறவனுக்கு இவள் சொல்லித் தருகிறாளே என்று அரசு சத்தமாகச் சிரித்தான்.

இதை இப்போது வீட்டில் சொன்னதும், அவன் மனைவி சரண்யா சோற்றுக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"அவுங்க டயரு காத்தயா சொன்னாங்க மாமா? காத்து கருப்பத்தான் சொல்லியிருக்காங்க. உங்களுக்குத்தான் வெளங்கல."

அரசுவுக்கு அப்போதுதான் விளங்கியது. பேய் இருக்கிற வண்டி என்று தெரிந்தே தன் தலையில் கட்டியிருக்கிறாள். பயம் பாதி, ஆத்திரம் பாதியாக, முன்னால் எலுமிச்சம்பழம் கட்டினான். டிரைவர் கதவைத் திறந்ததும் கண்ணில் படும்படி திருவந்திபுரம் தேவநாத சுவாமி படத்தை ஒட்டினான்.

சரண்யாவுக்கு அது போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை திருவந்திபுரத்தில் மகள் இலக்கியாவுக்குக் காது குத்து. சொந்தக்காரர்கள் இருபது பேர் அந்த வண்டியில்தான் போக வேண்டும். ஒரு முடிவு தெரியாமல் என் பிள்ளையை அதில் ஏற்ற மாட்டேன் என்று அவள் தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை மதியம் அரசு தூங்கவில்லை. மறுநாள் ஆள் கூட்டமாயிற்றே என்று இன்னும் ஐந்து கூட்டி எழுபத்தைந்து வைத்தான். வண்டியை வழக்கமான இடத்தில் விட்டுவிட்டுத் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டான்.

தெருவில் ஈ காக்காய் இல்லை. ஒரு இலைகூட அசையவில்லை. புது ஆள் வந்தால் கடித்துக் குதறுகிற தெரு நாய்கள் நிழலில் படுத்திருந்தன. திடீரென்று அத்தனையும் ஒன்றாகத் தலையைத் தூக்கின. குரைக்கவில்லை. வாலை ஆட்டின.

அப்புறம் அந்தச் சத்தம் கேட்டது. ஸ்ஸ்ஸ்ஸ் என்று, யாரோ நெடுநேரம் அடக்கிய மூச்சை விடுவது போல.

அரசு மெல்ல எட்டிப் பார்த்தான். பின் டயரோரம் ஓர் உருவம், முதுகைக் காட்டிக்கொண்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தது. தலையில் துண்டு. உடம்பில் நீலக் கட்டம் போட்ட சட்டை.

ஜெயப்பிரகாஷின் சட்டை. எத்தனையோ நாள் அதே இடத்தில், அதே சட்டையோடு அவனைப் பார்த்திருக்கிறான். தொட்டிச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். தேவநாத சுவாமியை மனசுக்குள் கூப்பிட்டான்.

சத்தம் நின்றது. உருவம் மூடியைத் திருகி இறுக்கியது. எழுந்து திரும்பியது.

சட்டைக்குக் கீழே புடவை தெரிந்தது. சத்யப்பிரியா. நூறு நாள் வேலையிலிருந்து திரும்புகிறாள். வெயிலுக்குப் புருஷன் சட்டையைப் புடவைமேல் மாட்டியிருந்தாள். கையில் காற்று அளக்கிற கேஜ்.

பயம் போன வேகத்தில் அரசுவுக்குக் கோபம் வந்தது. விற்ற வண்டிமேல் இன்னும் என்ன பொறாமை, என் பிழைப்பைக் கெடுக்கவா பார்க்கிறாய், பிள்ளை குட்டியோடு போகப்போகிற வண்டி என்று தெரியுமா என்று வாய்க்கு வந்தபடி கத்தினான்.

"தெரியும்ணே. நாளைக்குக் காது குத்துன்னு சரண்யா சொல்லிச்சு. அதான் இன்னிக்கு வேலைய விட்டதும் நேரா வந்தேன்."

டிரைவர் கதவைத் திறந்தாள். சாமி படத்தின் ஓரத்தை நகத்தால் மெதுவாகத் தூக்கிக் காட்டினாள். அடியில் வண்டிக் கம்பெனியின் ஸ்டிக்கர். பின் டயருக்கு நேராக ஐம்பது என்று போட்டிருந்தது.

"பழைய டயருண்ணே. அதுக்கு மேல வச்சா இந்த வெயில்ல தாங்காது."

"இத வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"சாவி குடுக்கும்போது சொன்னேனேண்ணே. சிரிச்சீங்க."

அவள் கேஜைச் சட்டை நுனியில் துடைத்து அவன் கையில் வைத்தாள்.

"அவரும் இப்படித்தாண்ணே சிரிச்சாரு."