சொல்ல வேண்டியவள்

இரண்டாவது தடவையும் அவளுக்கு வாய் வரவில்லை.

'பாஸ் அவே' என்று பலகையில் எழுதியிருந்தது. இறந்துபோனதை மென்மையாகச் சொல்வது. நம் ஊர் நர்ஸுகள் வாய்க்கு வாய் சொல்லும் 'எக்ஸ்பயர்ட்' எல்லாம் அங்கே பால் பாக்கெட்டுக்குத்தான் என்று ஜெசிந்தா மிஸ் சொன்னபோது வகுப்பே சிரித்தது. எல்லாரும் வெளிநாட்டு வேலைக்குப் பரீட்சை எழுதப்போகும் நர்ஸுகள்.

எதிரே மெர்லின், செத்தவரின் மகளாக நடிக்க உட்கார்ந்திருந்தாள். அவளிடம் நேராகச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும்.

சீரியஸாக இருக்கிறார், வாருங்கள் என்றுதான் மறுபடியும் ஆங்கிலத்தில் வந்தது.

வார்டில் ஊறிய பழக்கம், லேசில் போகுமா? உயிர் இழுத்துக்கொண்டிருந்தால் உறவுக்காரர்களை ஓடிவரச் சொல்வார்கள். முடிந்துவிட்டால் சீரியஸ் என்பார்கள். பதறாமல் நிதானமாக வாங்க என்பார்கள். வழியில் விழுந்து கிழுந்து வைத்தால் யார் பார்ப்பது?

அங்கே இப்படி மறைத்தால் மார்க் கிடையாது என்றார் மிஸ்.

போன் அதிர்ந்தது. மணப்பாறையிலிருந்து சித்தப்பா. ஆஸ்பத்திரியில் கிடக்கும் அப்பாவுக்கு அவர்தான் துணை. போனோடு வராந்தாவுக்கு வந்தாள்.

"அப்பா கொஞ்சம் சீரியஸா இருக்காரும்மா. ஒண்ணும் பதறாத. சாப்பிட்டுட்டு நிதானமா பஸ் ஏறு."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

சித்தப்பாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. மூச்சு வாங்குவது கேட்டது. பாவமாக இருந்தது.

எப்போது என்று கேட்கவில்லை. சரி என்றாள்.

பிறகு கேட்டாள்.

"அம்மாகிட்ட சொல்லியாச்சா?"



அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

சொல்லாமலே அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். வாய் கசக்கிறது என்றாராம் அப்பா காலையில். கஞ்சியும் நார்த்தங்காய் ஊறுகாயும் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று போயிருக்கிறாள். சொல்லும்போதே சித்தப்பா உடைந்துவிட்டார்.

"எங்க யாருக்கும் வாய் வரலம்மா. நீ நர்ஸு. நீ வந்து சொல்லிடு."

கஞ்சி வைத்துக்கொண்டு அம்மா ஆஸ்பத்திரிக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

அவள் பையை எடுக்கக்கூட உள்ளே போகவில்லை. படியிறங்கி, பஸ் நிலையத்தைப் பார்த்து ஓடினாள்.