ஓடாத பிரிட்ஜ்

வேர்க்கடலைக்கு மருந்தடித்துக்கொண்டிருந்த பேட்டரி ஸ்பிரேயரை வரப்பிலேயே போட்டுவிட்டு, மகள் பிரித்திகாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடிவந்தான் கோவர்த்தனன்.

"சிஸ்டர்! வெறிநாய் கடிச்சிடுச்சி! சீக்கிரம் ஊசி போடுங்க!"

நர்ஸ் சபீனா பதறிப்போய் பிரித்திகாவைக் குழாயடியில் உட்கார வைத்தாள். சோப்புப் போட்டுக் காயத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"ஊசி மருந்தெல்லாம் வீணாப்பூடுச்சிண்ணா. ராத்திரி பூரா பிரிட்ஜ் ஓடல. புத்தூருக்குத்தான் கூட்டிகினு போவணும்."

பக்கத்து ஊரில் நாய் கடித்த ஒருவன், தண்ணீரைக் கண்டாலே அலறி அலறிச் செத்தது கோவர்த்தனனின் கண்முன்னே வந்து நின்றது.

"நைனா, நான் செத்துப்பூடுவேனா?" என்றாள் பிரித்திகா.

கோவர்த்தனனின் பயமெல்லாம் சபீனா மேல் கோபமாகத் திரும்பியது.

"டேய் வெங்கட்டு, வீடியோ எடுடா! ஒரு பிரிட்ஜைப் பாத்துக்கத் துப்பில்ல, இவங்களுக்கெல்லாம் கவர்மெண்டு சம்பளம்! எம் பொண்ணுக்கு ஏதாவது ஆச்சி, சும்மா வுடமாட்டேன்!"

கூட்டம் கூடிவிட்டது. பக்கத்து வீட்டு வெங்கட் செல்போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"சொல்லும்மா, பிரிட்ஜ் ஏன் ஓடல?"

சபீனா கோவர்த்தனனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு பிரித்திகாவைப் பார்த்தாள்.

"என் தப்புதான். ரூமைப் பூட்டாம போயிட்டேன்."

"கேட்டுக்கினீங்களா? அவளே ஒத்துக்கினா!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான் கோவர்த்தனன்.

சபீனா புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ஊசி இருப்பதை உறுதி செய்துகொண்டாள். தெருவில் போன ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தினாள்.

"பயப்படாத கண்ணு. இன்னிக்கே ஊசி போட்டுக்கினா ஒண்ணும் ஆவாது."

ஆட்டோ கிளம்பும்போது ஒரு துணிப்பையைக் கோவர்த்தனன் மடியில் வைத்தாள். கடுப்போடு பிரித்துப் பார்த்தான்.

உள்ளே அவன் பேர் எழுதிய ஸ்பிரேயர் சார்ஜர்.

நேற்று சாயங்காலம் ஊரில் கரண்ட் இல்லை. இங்கே இன்வர்ட்டர் இருக்கிறதே என்று வந்தவன், திறந்திருந்த அறையில் ஏதோ ஒரு பிளக்கைப் பிடுங்கிவிட்டு இதைச் செருகியிருந்தான். காலையில் அவசரத்தில் ஸ்பிரேயரை மட்டும் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

சார்ஜரைப் பைக்குள் திணித்துவிட்டு, ஆட்டோவிலிருந்து தலையை நீட்டினான்.

"அத்தினி பேர் கேட்டாங்களே சிஸ்டர்... ஏன் சொல்லல?"

சபீனா குனிந்து அவன் காதோரம் சொன்னாள்.

"பாப்பா கேட்டுக்கினு இருந்தாளேண்ணா."