பால்கனியில் ஒரு பெட்டி

நாத்தனார் வந்திறங்கிய மறுநாளே மகள் கையில் வரிசையாக மூன்று தடிப்புகள். விரிப்பை உதறப் போனால் மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் கரும்புள்ளிகள். பார்த்த தாய்க்குச் சுருக்கென்றது.

"உங்க அக்கா பெட்டியப் பாத்தீங்களா? பாலிதீன் பைக்குள்ள போட்டு இறுக்கிக் கட்டி, பால்கனியில வச்சிருக்காங்க. மூட்டைப்பூச்சியக் கூட்டிட்டு வந்துட்டு மறைக்கிறாங்க."

"மெதுவாப் பேசு. காதுல விழுந்துடப் போகுது," என்றான் கணவன்.

நாத்தனார் கடைக்குப் போகும்வரைதான் அவளுக்குப் பொறுமை இருந்தது. தரையில் வெள்ளை வேட்டியை விரித்து, பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு துணியாக உதறினாள். ஒன்றும் விழவில்லை. பெட்டியின் தையலோரமெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தாள். துடைத்து வைத்ததுபோல் இருந்தது.

நிமிர்ந்தால், வாசலில் நாத்தனார்.

"அண்ணி, அது வந்து..."

"பரவாயில்லம்மா. போன தடவ இங்கேருந்து போனப்ப பெட்டியோட அதுங்களும் வந்துடுச்சு. ஒழிக்கிறதுக்குள்ள ஆறு மாசம் ஆச்சு. உன் மனசு நோகுமேன்னு சொல்லல. இந்தத் தடவ பையில கட்டி வச்சுக்கிட்டேன்."

நாத்தனார் குனிந்து வேட்டியை மடித்தாள்.

"அந்த டார்ச்ச அணைச்சிடாத. அப்படியே உங்க மெத்தையோரமும் அடிச்சுப் பாரு."