பாண்டிச்செல்வி படிக்கும் நோட்டீஸ்

"போர்ட்டல் நேத்தே குளோஸும்மா. ஆறு மணிக்கு மேல எங்க கைல ஒண்ணும் கிடையாது. இன்னா பண்ணச் சொல்ற?" என்றார் ஹெச்.ஆர். டில்லிபாபு.

நான் சேர்க்கச் சொன்னது ஒரே ஒரு பெயர். தாயாரம்மாள், வயது ஐம்பத்திரண்டு, உறவு: அம்மா.

எங்கள் கம்பெனி மெடிக்கல் இன்சூரன்ஸில் அம்மா அப்பாவை வருஷா வருஷம் புதிதாகச் சேர்க்க வேண்டும். போன வருஷம் போட்டது இந்த வருஷத்துக்கு ஆகாது. மார்ச்சில் பத்து நாள் திறப்பார்கள். விட்டால் அடுத்த மார்ச்.

அம்மாவுக்கு ஏப்ரல் பதினெட்டாம் தேதி கர்ப்பப்பையை எடுக்க வேண்டும். "இம்மாம் பெரிய ஆஸ்பத்திரி நமக்கு எதுக்குடி" என்று பின்வாங்கியவளை, "கம்பெனி குடுக்கும், நீ கம்முனு வந்து படு" என்று அதட்டியவள் நான்தான்.

"மெயில் நாலு வாட்டி போட்டமே. படிச்ச பொண்ணுதானே நீ?"

எங்கள் வீட்டில் காலேஜ் முடித்த முதல் ஆள் நான். படித்த பெண்ணா என்று யார் கேட்டாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்று வரவில்லை. நாலு மெயிலும் வந்தன. பார்த்தேன். அப்புறம் போடலாம் என்று விட்டேன்.

ஐந்து வருஷத்தில் ஒருமுறைகூட மெயிலைப் பார்த்து நான் இதைச் செய்ததில்லை.

எனக்கு மெயில் என்றால் பாண்டிச்செல்விதான்.

சங்கரன்கோவில் பக்கம் அவள் ஊர். படப்பையில் ஒரே அறையில் இருந்தோம். ஒரே பஸ், ஒரே ஷிப்ட். நான் குவாலிட்டி, அவள் அசெம்பிளி லைன். முதல் வருஷம் இப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. கேன்டீனில் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸுக்கு என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்க் காட்டியவள் அவள்.

எல்லோரும் ஈரக்கையை உதறிக்கொண்டு அந்தத் தாளைத் தாண்டிப் போவார்கள். அவள் நிற்பாள். இங்கிலீஷ் வந்த இடத்தில் எழுத்துக் கூட்டுவாள். கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் தட்டை எடுப்பாள். அதற்குள் சோறு ஆறிப்போயிருக்கும்.

அன்றிலிருந்து என் உயிரை எடுப்பாள். "ஏட்டி, இருவத்தஞ்சு கடைசி. போட்டியா இல்லையா?" பல் விளக்கும்போது கேட்பாள். பஸ்ஸில் தூங்கினால் தட்டி எழுப்பிக் கேட்பாள்.

அறைக்குள் சிக்னல் கிடைக்காது. சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி உட்காருவோம். கீழே ஷேர் ஆட்டோக்காரர்கள் தாம்பரம், தாம்பரம் என்று கத்திக்கொண்டிருப்பார்கள். நான் டைப் அடிப்பேன். ஓ.டி.பி.க்காக அவள் என் போனைப் பிடுங்கித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டு, வந்துட்டு" என்பாள். வந்திருக்காது.

மாமியாரையும் சேர்க்கலாம் என்று அதில் ஒரு கட்டம் இருந்தது.

"மொதல்ல ஒரு மாமியாரப் புடிட்டி. பொறவு சேப்போம்."

நாங்கள் சிரித்து முடிப்பதற்குள் ஓ.டி.பி.யின் நேரம் முடிந்துவிடும். மறுபடியும் முதலிலிருந்து.

அம்மாவின் பெயரை அவள்தான் ஒவ்வொரு எழுத்தாக ஆதாரோடு வைத்துச் சரிபார்ப்பாள். "ஒரு புள்ளி கொறஞ்சாலும் தரமாட்டானுவ." பச்சை டிக் விழுந்ததும் அன்று ராத்திரி பரோட்டா. அவ்வளவு சின்ன விஷயத்துக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஜனவரியில் அவள் ஊருக்குப் போய்விட்டாள். நான் அதே அறையில்தான் இருக்கிறேன். புதிதாக வந்த இரண்டு பெண்கள் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார்கள். கெட்டவர்கள் இல்லை. யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

கம்பெனி கேட்டுக்கு வெளியே வந்து பாண்டிச்செல்வியை போனில் கூப்பிட்டேன். எடுத்ததும் கத்தினேன். ஏன் ஞாபகப்படுத்தவில்லை என்று. ஒரு போன் போட்டிருந்தால் குறைந்தா போயிருப்பாய் என்று. அம்மா விஷயத்தையும் அதே மூச்சில் கொட்டினேன். அந்தக் கத்தலில் ஒரு நியாயமும் இல்லை என்று கத்தும்போதே தெரிந்தது.



"நோட்டீசப் பாத்தாத்தானட்டி எனக்குத் தேதி தெரியும், இஞ்சினியரம்மா" என்றாள். "அழாத. கவர்மெண்டு ஆசுபத்திரில பாப்போம். எங்கம்மைக்கும் கவர்மெண்டுலதான் கர்ப்பப்பைய எடுத்தோம், நல்லாத்தான நடமாடுதா. எந்தத் தேதி குடுத்தாலும் நான் வந்து கூட நிக்கேன்."

மூக்கைத் துடைத்துக்கொண்டேன். வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"ஏட்டி, ஒண்ணு கேக்கணும். சூப்பர்வைசரு திரும்பக் கூப்புடுதேன்னு சொல்லிருக்காரு. இந்த வருச நோட்டீசுலயாவது காண்ட்ராக்ட்டு ஆளுகளுக்கும் உண்டுன்னு போட்டிருந்தானா?"

அவள் காண்ட்ராக்ட் என்பது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். இந்த இன்சூரன்ஸ் பெர்மனென்ட் ஆட்களுக்கு மட்டும்தான் என்பதும் தெரியும். ஜனவரியில் நிறுத்தப்பட்ட நாற்பது பேரில் அவள் ஒருத்தி. ஐந்து வருஷமும் கடைசி வரி வரைக்கும் எனக்காகத்தான் படிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"போடலடி" என்றேன்.

இந்த வருஷ நோட்டீஸை நான் படிக்கவே இல்லை.