எதிரே வந்த பஸ்

"பிரேக்கைப் போடு, பிரேக்கைப் போடுன்னா..."

"போட்டுட்டேங்க, காதுல வந்து கத்தினா..."

"எதிர்ல பஸ் வர்றது தெரியலையா உனக்கு?"

"பஸ்காரன்தான் தப்பான பக்கம் வர்றான். அவனைக் கேளுங்க."

"அவன் சரியாத்தான் வர்றான். நீதான் ரோட்டையே எழுதி வாங்கின மாதிரி நடுவுல போற."

"அவன் என்ன உங்க சித்தப்பா பிள்ளையா? அவனுக்கு இப்படி வரிஞ்சுகட்டிக்கிட்டு வர்றீங்க."

கணவர் வலது காலைத் தரையோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தார். நெற்றி வியர்வை மூக்குக் கண்ணாடிமேல் சொட்டியது.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு அவளுக்கு லைசென்ஸ் தேர்வு. மூன்று முறை போய் மூன்று முறையும் கோட்டை விட்டிருந்தாள். அவள் நர்ஸ். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலை திங்கட்கிழமை முதல் அவளுக்குத்தான், லைசென்ஸ் கையில் இருந்தால். இல்லையென்றால் வேறொருத்திக்கு.

"இடது பக்கம் திரும்பு. பெரியவர் ஒருத்தர் குறுக்கே வர்றார், பார்த்து."

"அவர் எங்கேருந்துங்க வந்தார் திடீர்னு?"

"ரோட்டுல ஆள் சொல்லிட்டா வரும்? பல்லைக் கடிக்காதே. தோள் ரெண்டும் காதுகிட்ட ஏறிடுச்சு பார். மூச்சு விடறியா இல்லையா? இதுக்குப் பேருதான் டென்ஷன்."

"எனக்கே பாடமா? தினம் நாப்பது பேருக்கு நாடி பார்க்கறவ நான். கையைக் குடுங்க."

"இப்பவா? நடுரோட்டுலயா?"

"ஓரங்கட்டிட்டேன். குடுங்க."

அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார்.

"பேசாதீங்க, எண்ணிக்கை தப்பிடும்."

முழுசாக ஒரு நிமிஷம் அவர் பேசவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு நேரம் அவர் சும்மா இருந்ததில்லை.

"நூத்திப் பதினெட்டு, எழுபது எண்பதுல இருக்க வேண்டியது" என்றாள். பிறகு தன் தோளைத் தானே தொட்டுப் பார்த்தாள். அது இறங்கி, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. மூச்சும் சிரமமில்லாமல் வந்து போனது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஏங்க, மூணு தடவையும் டெஸ்ட் மைதானத்து வேலியோரம் நின்னு பிரேக்கு பிரேக்குன்னு கத்தினது யாரு?"

"நான்தான். ஒரு தைரியத்துக்கு."

"யார் தைரியத்துக்கு? நாளைக்கு நீங்க வீட்டுலயே இருங்க. நான் தனியாப் போய் வாங்கிட்டு வர்றேன்."

"தனியாவா? நான் கத்தலைன்னா இந்நேரம் அந்த பஸ் நம்ம மேல ஏறியிருக்கும்" என்றார் அவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு.

அவர்களுடைய மகள் எதிரே வந்து நின்று, இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா, ஸ்டியரிங் பிடிச்சது போதும், அந்தச் சாப்பாட்டுத் தட்டைக் குடு. அப்பா, பஸ் போயிடுச்சுன்னா எழுந்து ரெண்டு நாற்காலியையும் மேசைகிட்டப் போடுங்க, எனக்குப் பசிக்குது."